டீனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை

2011 ஆகஸ்ட் 6, சனிக்கிழமை பிற்பகல், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பான்ஸ்லிக்கு மேற்கே இருக்கும் ஹாக்ஸ்லி கிரிக்கெட் கிளப் கூடத்தில், டீன் ஆர்மிடேஜின் திருமண விருந்தில், மாப்பிள்ளைத் தோழன் ரஸ் ஹெய்க் எழுந்து நின்று மாப்பிள்ளையைப் புகழ்ந்து பேசினான்.

எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் செய்வதில்லை. பெண்ணின் அப்பா பேசுவார், மாப்பிள்ளை நன்றி சொல்வான், கடைசியில் தோழன் எழுந்து மாப்பிள்ளையின் மானத்தை வாங்குவான். கூட்டம் கேக்குக்காக வருவதில்லை, இதற்காகத்தான் வருகிறது. எவ்வளவு கேவலமாகப் பேசுகிறானோ அவ்வளவு நெருங்கிய நண்பன் என்று அர்த்தம். மனதில் அன்பு கிடந்தால் அதைக் கடைசி வரியில், கிளாஸைத் தூக்கும்போது, வேகமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு ஆளைப் பற்றி முழுக்க முழுக்க நல்லதாகப் பேசுவது எங்களுக்குத் தெரியாத காரியம் இல்லை. அதற்கென்று வேறொரு சந்தர்ப்பம் இருக்கிறது. அதில் சம்பந்தப்பட்டவர் பெட்டிக்குள் படுத்திருப்பார்.

ரஸ்ஸும் டீனும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ரஸ் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். டீன் வீடுகளுக்கு வெந்நீர் பாய்லர் பொருத்துகிறவன். பதினைந்து கோடைகாலமாக ஹாக்ஸ்லிக்காக முதலில் மட்டை பிடித்து ஆட்டத்தைத் தொடங்குபவர்கள் இவர்கள்தான். கிளப்பின் ஸ்கோரர் என்ற முறையில் அத்தனையையும் பார்த்தவன் நான். ரஸ்ஸிடம் ஒரு குறை உண்டு. பந்தை அடித்துவிட்டு 'ஓடு' என்றோ 'நில்' என்றோ குரல் கொடுக்கவே மாட்டான். வாய் திறக்காமல் ஓட ஆரம்பித்துவிடுவான். வேறு யாராக இருந்தாலும் வாரம் ஒரு முறை ரன் அவுட் ஆகியிருப்பார்கள். டீன் மட்டும் அவன் தோளைப் பார்த்தே ஓடுவான்.

ரஸ்ஸின் கல்யாணத்தில் டீன்தான் தோழன். ஸ்பெயினுக்குச் சுற்றுலா போன இடத்தில், ரஸ் குடித்துவிட்டு அறை மாறிப்போய், ஒரு வயதான ஜெர்மானியத் தம்பதிக்கு நடுவில் காலை வரை தூங்கிய கதையை அவன் அன்று சொன்னான். எழுப்ப மனம் வராமல் அந்த அம்மா இவனுக்குப் போர்வை போர்த்திவிட்டது உட்பட. ரஸ்ஸின் மாமியார் இன்றும் அவன் தங்க வந்தால் படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் படுக்கிறார். அதனால் ரஸ் ஆறு வருடமாகக் காத்திருந்தான். அவன் கையில் ஒரு மாடு இருந்தது.

மாடு ஒன்று உண்டு என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். அது எங்கே, என்ன செய்தது, டீனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது ரஸ்ஸைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. யாராவது பீர் கிளாஸை வைத்துக்கொண்டு 'ம்மா' என்று கத்தினால் டீன் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவான். பிப்பாவை அவன் கட்டிக்கொள்ளப் போகிறான் என்ற செய்தி வந்தபோது விக்கெட் கீப்பர் பாரி சொன்ன முதல் வார்த்தை வாழ்த்து அல்ல. "அப்போ மாட்டைப் பாத்துடலாம்" என்பதுதான்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ரஸ் மைதானத்தில் பிட்ச்சுக்கு ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தபோது பிப்பா அவனைத் தேடி வந்தாள். அவள் பான்ஸ்லியில் பள்ளி ஆசிரியை. ஊர் தெற்கே, லண்டனுக்குப் பக்கத்தில் கில்ட்ஃபோர்ட். அங்கே அவளுடைய அப்பா கிளைவ் லாட்டிமர் பாய்லர், குழாய், ரேடியேட்டர் விற்றுப் பொருத்தும் பெரிய நிறுவனம் நடத்துகிறார். அன்று பேசியதை இருவரும் பிறகு தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். பெரிய வித்தியாசம் இல்லை.

"ரஸ், நீங்க என்ன பேசப் போறீங்கன்னு நான் கேக்கலை."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"மாடு இருக்கா அதுல?"

ரஸ் ரோலரை நிறுத்தினான். "மாடு இல்லாம எப்படி? பாரி முன்வரிசையில சீட் போடச் சொல்லியிருக்கான்."

"எங்கப்பா டீனை மூணே தடவைதான் பாத்திருக்கார். ஒரு தடவை இவன் அவர் நாய் மேல உக்காந்துட்டான்."

"சின்ன நாயா?"

"இப்போ முன்னைவிடச் சின்னது."

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். அப்பாவுக்கு வயதாகிறது. நிறுவனத்தை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். டீனுக்குத் தொழில் தெரியும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆள் எப்படி என்பதில்தான் சந்தேகம். கல்யாணத்துக்கு வந்து, அவனுடைய ஆட்களுக்கு நடுவில் அவனைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறார். சரி என்றால் அக்டோபரில் கில்ட்ஃபோர்டுக்குக் குடி போய்விடுவார்கள்.

ரஸ் ரோலரின் கைப்பிடியில் ஒட்டியிருந்த புல்லைச் சுரண்டினான்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே அவன்."

"உங்ககிட்ட சொல்லப் பயம். அவங்கம்மாகிட்டயும் சொல்லலை. உறுதியான பிறகு சொல்லிக்கலாம்கிறான்." பிறகு, "ஒரே ஒரு நாள், ரஸ். கிண்டல் வேண்டாம். அவனைப் பத்தி நிஜமா என்ன நெனைக்கிறீங்களோ அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"அந்த மாதிரி நான் என் பொண்டாட்டிகிட்டயே பேசினதில்லை."

"தெரியும். ட்ரேசி சொன்னாங்க."

அவள் போன பிறகு ரஸ் ரோலரை நகர்த்தவே இல்லை. அது நின்ற இடத்தில் பிட்ச் அழுந்திப்போய், அந்தப் பருவம் முழுவதும் அங்கே விழுந்த பந்து எழும்பவில்லை.

அவனுடைய சங்கடம் இதுதான். மாட்டைச் சொன்னால் லாட்டிமர் டீனை நம்பிக் கடைச் சாவியைக் கூடக் கொடுக்க மாட்டார். மாட்டின் கதை அப்படிப்பட்டது. டீன் ஹாக்ஸ்லியிலேயே இருந்துவிடுவான். இதற்காக ரஸ் எந்தத் துரோகமும் செய்ய வேண்டியதில்லை. தோழனின் கடமையை ஒழுங்காகச் செய்தால் போதும். யாரும் அவனைக் குறை சொல்ல மாட்டார்கள், பாரி தோளில் தூக்கிக்கொள்வான். புகழ்ந்து பேசினால் நண்பனைத் தன் கையாலேயே வண்டியேற்றி அனுப்பியதாகும்.

ரஸ் இரண்டையும் எழுதிவைத்துக்கொள்வது என்று முடிவு செய்தான். மாடு ஒரே நாளில் எழுதி முடிந்தது. நல்ல பேச்சு நகரவே இல்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து 'டீன் நல்லவன்' என்று எழுதினான். எழுந்து போய்ப் புல் வெட்டினான். திரும்பி வந்து 'டீன் நம்பகமானவன், அதிகம் பேசாதவன், எந்தக் குளிரிலும் நேரத்துக்கு வந்து நிற்பவன்' என்று சேர்த்தான். ட்ரேசி இஸ்திரி போட்டபடியே அதை வாங்கிப் படித்தாள்.

"வேனை விக்கிறியா?"

"பின்ன எப்படித்தான் எழுதறது?"

"அவன் செஞ்சது எதையாவது எழுது. வேனைப் பத்தி எழுத முடியாததா எழுது."

இந்த மாதிரிப் பேச்சுக்கு வீட்டில் இருந்த ஒரே முன்மாதிரி, இரண்டு வருடம் முன்னால் அப்பாவின் இறுதிச் சடங்கில் ரஸ் பேசியது. இழுப்பறையிலிருந்து அந்த அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினான். முதலில் ஆளை எப்போதிலிருந்து தெரியும் என்பது. அடுத்து குணம். அடுத்து ஒரு சம்பவம். கடைசியில், இப்படி ஒருவர் நம்மோடு இருந்தது நமக்குக் கிடைத்த பாக்கியம். அப்பாவின் பெயர் இருந்த இடத்தில் டீனின் பெயர் சரியாகப் பொருந்தியது. ரஸ்ஸுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. ட்ரேசிக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவள் அதற்குள் தூங்கப் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று மாடு இடது பாக்கெட்டிலும் நல்ல பேச்சு வலது பாக்கெட்டிலும் இருந்தன. சர்ச்சில் மோதிரத்தை எடுக்கக் கை விட்டபோது முதலில் மாடுதான் வந்தது.

விருந்து வழக்கம் போல. ரோஸ்ட் மாட்டிறைச்சி, யார்க்‌ஷயர் புட்டிங், மூழ்கும் அளவுக்குக் கிரேவி. கிரிக்கெட் அணி ஜன்னலோர மேசை. டீனின் அம்மா மோரீன் மணமக்கள் மேசையில், வாடகைக்கு எடுத்த தொப்பியோடு. அவள் அண்ணன் டெரி அடுத்த மேசையில். லாட்டிமர் உயரமானவர், நரைத்த மீசை, எதையும் அவசரமில்லாமல் மெல்பவர். முதலில் அவர் பேசினார். சுருக்கமாக, நன்றாகவே பேசினார். மகளைப் பற்றி அழகாக நாலு வரி, எங்கள் ஊர் மழையைப் பற்றி ஒரு வரி. மாப்பிள்ளையைப் பற்றி, "டீன் எங்கள் குடும்பத்தில் முதலில் நெருக்கமானது நாயோடுதான்" என்று மட்டும் சொன்னார். சிரித்தோம். டீனும் சிரித்தான், காது சிவந்திருந்தது. அவன் எழுந்து எல்லோருக்கும் நன்றி சொல்லி, அம்மாவுக்குப் பூங்கொத்து கொடுத்து உட்கார்ந்தான்.

ரஸ் எழுந்தான். பாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். டெரி காது மிஷினின் சத்தத்தைக் கூட்டினார். பின்னாலிருந்து யாரோ 'ம்மா' என்றார்கள். டீன் கண்ணை மூடிக்கொண்டான்.

ரஸ் லாட்டிமரைப் பார்த்தான், டீனைப் பார்த்தான். கை இடது பாக்கெட்டுக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு வலது பாக்கெட்டிலிருந்து அட்டைகளை எடுத்தான்.

"டீனை எனக்கு நாலு வயசுலேர்ந்து தெரியும்." சிரிப்பு. "இவனை மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்லை." பெரிய சிரிப்பு. "இவன் ரொம்ப அன்பானவன்."

சிரிக்கத் தயாராகக் காத்திருந்தோம். ரஸ் அட்டையை மாற்றினான். டீன் பொறுமைசாலி என்றான். யாரையும் புறம் பேசியதில்லை என்றான். பாரி எங்களுக்கு மெல்லிய குரலில் விளக்கினான்: வேகப் பந்து வீச்சாளர் மாதிரி, தூரத்திலிருந்து ஓடி வருகிறான், பந்து கடைசியில்தான் கையை விட்டு வரும். காத்திருந்தோம். பந்து வரவில்லை.

"எங்கப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சப்புறம் அவரால சவரம் பண்ணிக்க முடியலை. நான் பண்ணிவிடறேன்னா ஒத்துக்க மாட்டார். பெத்த புள்ளை கையால வேண்டாம்பார். டீன் ஒரு நாள் பாய்லர் பாக்க வந்தான். அப்புறம் வாரா வாரம் வியாழக்கிழமை வந்தான். எங்க வீட்டு பாய்லருக்கு ஒண்ணும் கோளாறு இல்லை. மாடிக்குப் போவான், கதவைச் சாத்திப்பான், அப்பா சுத்தமா எறங்கி வருவார். ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. அப்பா போற வரைக்கும் வந்தான். இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. அவன்கிட்டகூட."

இந்த இடத்தில் ரஸ் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தான். அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். டீன் ஊரைவிட்டுப் போகப் போவதுதான் காரணம் என்பது கூடத்தில் பிப்பாவுக்குத்தான் புரிந்திருக்க முடியும்.

மற்ற எங்களுக்கு வேறு விதமாகப் புரிந்தது. யார் முதலில் சொன்னது என்று பிறகு விசாரித்தும் தெரியவில்லை. எங்கள் மேசையில் பாரி மெதுவாக, "டேய், இவனுக்கு என்ன வந்திருக்கு?" என்றான். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. டீன் வசந்தத்திலிருந்து இளைத்துக்கொண்டே வருகிறான். கோட்டுக்குள் நுழைவதற்காக இளைத்ததாக அவன் சொல்லியிருந்தான். ஒரு மாதமாகப் பீரைத் தொடவில்லை. முடியை ஒட்ட வெட்டியிருந்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆகஸ்டில் கல்யாணம் வைத்திருந்தான். ஆட்டப் பருவத்தின் நடுவில், ஒரு சனிக்கிழமையில், எந்த கிரிக்கெட்காரன் கல்யாணம் செய்வான்? காலம் குறைவாக இருப்பவன்தான் செய்வான். பிப்பாவுக்குப் பள்ளி விடுமுறை அப்போதுதான் என்பது அந்த நிமிடத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

செய்தி மேசை மேசையாகப் போனது. மூன்றாவது மேசையை எட்டும்போது நோய் கணையத்தில் இருந்தது, கழிப்பறைப் பக்கத்து மேசைக்குப் போனபோது இரண்டு நுரையீரலிலும். எங்கள் கேப்டன், உதவி நிதிக்கு ஒரு காட்சி ஆட்டம் வைத்தால் செப்டம்பரில் மைதானம் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார். பார்க்கிறேன் என்றேன்.

ரஸ் கடைசி அட்டைக்கு வந்தான். "இப்படி ஒருத்தன் நம்மகூட இருந்தது நமக்குக் கெடச்ச பாக்கியம்" என்று முடித்து, கிளாஸைத் தூக்கினான்.

யாரும் கிளாஸைத் தூக்கவில்லை. டெரி எழுந்து, தலையைக் குனிந்து, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து அவர் மேசை எழுந்தது. பிறகு கூடம் முழுவதும் எழுந்து குனிந்து நின்றது. வெளியே யாரோ பார்க்கிங்கில் காரைப் பின்னெடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. டீனின் முகம் வெளுத்துப்போனது. அது நிலைமைக்கு உதவவில்லை. டாக்டர் தன்னிடம் சொல்லாமல் ரஸ்ஸுக்குப் போன் செய்துவிட்டாரோ என்று ஒரு கணம் தோன்றியதாக அவன் பிறகு ஒப்புக்கொண்டான்.

மோரீன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ரஸ், உனக்கு எப்போ தெரியும்?"

கில்ட்ஃபோர்டைக் கேட்கிறாள் என்று ரஸ் நினைத்துக்கொண்டான். "ரெண்டு வாரமா. பிப்பாதான் சொன்னா."

மோரீன் மகன் பக்கம் திரும்பினாள். "பெத்தவகிட்ட ஏன்டா சொல்லலை?"

"உறுதியானப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்மா."

"இன்னும் உறுதியாகலையா? அப்போ நம்பிக்கை இருக்கா?"

"பிப்பாவோட அப்பா கையிலதான் இருக்கு."

எல்லோரும் லாட்டிமரைப் பார்த்தார்கள். அவர் டாக்டர் இல்லை என்பது தெரிந்திருந்தும் பார்த்தார்கள். லாட்டிமர் மகளைப் பார்த்தார். மெல்வதை நிறுத்தியிருந்தார். "பிப்பா, இந்தப் பையனுக்கு என்ன உடம்பு?" என்று கேட்டார். அதுவரை அவர் யாரிடமும் அவ்வளவு மெதுவாகப் பேசிக் கேட்டதில்லை.

"ஒண்ணும் இல்லைப்பா. நல்லாத்தான் இருக்கான்."

"அப்போ இவர் ஏன் இப்படிப் பேசறார்?"

"நான்தான் பேசச் சொன்னேன்."

அதன் பிறகு எல்லாவற்றையும் அவள் சொல்லிவிட வேண்டியதாயிற்று. கில்ட்ஃபோர்ட், நிறுவனம், அக்டோபர், கிண்டல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. மோரீன் கேட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு தூரம் என்று விசாரித்தாள். காரில் நாலு மணி நேரம், நெரிசல் இருந்தால் இன்னும் அதிகம் என்றார்கள்.

"ஆஸ்பத்திரின்னா பான்ஸ்லியிலயே இருந்திருப்பான்" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

கூடம் இதை நம்பவில்லை. இருபது வருடம் இந்த ஊரில் கேட்ட எத்தனையோ தோழர்களின் பேச்சுக்கு எதிராக ஒரு பெண்ணின் வார்த்தை. பெரிய பெரிய ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் தெற்கேதான் இருக்கிறார்கள் என்று டெரி தன் மேசைக்கு எடுத்துச் சொன்னார். காது மிஷின் வைத்திருப்பவர் ரகசியம் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். டீன் எழுந்து, தான் திடமாக இருப்பதாகவும், வேண்டுமானால் மைதானத்தை ஒரு சுற்று ஓடிக் காட்டுவதாகவும் சொன்னான். தைரியமான பையன் என்று பக்கத்து மேசையில் ஒரு அத்தை மறுபடி அழ ஆரம்பித்தாள்.

பாரிதான் வழி கண்டுபிடித்தான். "நல்லா இருக்கான்னா, மாட்டைச் சொல்லு."

யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல மருத்துவச் சான்று கிடைக்காது. சாகப் போகிறவனைப் பற்றி யாரும் மாட்டைச் சொல்ல மாட்டார்கள்.

"ஆமா ரஸ்" என்றாள் மோரீன். "மாட்டைச் சொல்லுப்பா."

ரஸ் பிப்பாவைப் பார்த்தான். அவள் தன் அப்பாவைப் பார்த்தாள், அழுகிற அத்தையைப் பார்த்தாள். "சொல்லுங்க ரஸ்" என்றாள்.

"வேண்டாம்டா" என்றான் டீன். "அம்மா இருக்காங்கடா. வேண்டாம்." அவன் கெஞ்சிய விதத்தில் முதல் முறையாகச் சிலருக்கு நம்பிக்கை வந்தது.

ரஸ் இடது பாக்கெட்டில் கை விட்டான்.

பத்து வருடம் முன்னால் டீன் டான்காஸ்டரில் ஒரு பெண்ணிடம் தன்னைக் கால்நடை மருத்துவர் என்று சொல்லியிருந்தான். ஏன் என்று அவனுக்கே தெரியாது. அவள் நர்ஸ், பாய்லர் என்றால் சாதாரணமாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம். மூன்று மாதம் வண்டி ஓடியது. அவளுடைய அத்தையின் பூனைக்கு வைட்டமின் எழுதிக் கொடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவளுடைய பெரியப்பாவின் பண்ணைக்குப் போனார்கள். புட்டிங் வருகிற நேரத்தில் தொழுவத்திலிருந்து ஆள் ஓடி வந்தான். பசுவுக்குக் கன்று வரவில்லை. பெரியப்பா டீனைப் பார்த்தார். டீன் சட்டைக் கையை மடித்தான்.

தொழுவத்துக்குப் பின்னாலிருந்து அவன் ரஸ்ஸுக்குப் போன் செய்தான். ரஸ் அப்போது பப்பில் இருந்தான். பசுவைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியவில்லை, கிரேஹவுண்ட் வளர்க்கும் ஒருவருக்கு நாயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தது. அவர் சொல்லச் சொல்ல ரஸ் ஒப்பித்தான். டீன் தோள் வரை கையை விட்டான். பசு ஒரு தடவை இறுக்கியது. டீன் மயங்கி விழுந்தான். கை மட்டும் உள்ளேயே இருந்தது. பெரியப்பா முதலில் டீனை வெளியே எடுத்து, பிறகு கன்றை வெளியே எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கோலில் கிடத்தினார். பசு இரண்டையும் நக்கியது. டீனைத்தான் முதலில். கண் விழித்ததும் அவன் கேட்டது, "பாய்லர் அணைஞ்சுடுச்சா?" என்று.

ரஸ் குரலே உயர்த்தாமல் படித்தான், பசு நக்கும் இடத்தை மட்டும் செய்து காட்டினான். 'பாய்லர்' என்ற இடத்தில் பாரி நாற்காலியோடு பின்னால் விழுந்தான். டெரி மிஷினைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். மோரீன் மேசைமேல் இருந்த தொப்பியில் முகத்தைப் புதைத்திருந்தாள், தோள்கள் குலுங்கின. அழுத அத்தை இப்போதும் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் காரணம் மாறியிருந்தது. டீன் மேசைக்கு அடியில் போய்விட்டான். அவன் சாகப் போவதில்லை என்பதில் அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.

லாட்டிமர் சிரிக்கவில்லை. சத்தம் அடங்கும் வரை காத்திருந்தார்.

"கன்னுக்குட்டி பொழச்சுதா?"

"பொழச்சுது சார்" என்றான் ரஸ். "டீன்னு பேர் வெச்சாங்க. பொட்டைக் கன்னுதான், இருந்தாலும் வெச்சாங்க."

லாட்டிமர் நாப்கினை எடுத்து விரித்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டார். நாப்கின் வெகு நேரம் ஆடியது.

டான்ஸ் தொடங்கிய பிறகு ரஸ்ஸும் டீனும் வெளியே மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஸ்கோர்போர்டுக்குத் தார்ப்பாய் மூடப் போயிருந்தேன்.

"சவரத்தை ஏன்டா சொன்னே" என்றான் டீன்.

"அவதான் கேட்டா."

"ஒரு தடவை உங்கப்பா கன்னத்துல வெட்டிட்டேன். அதைச் சொல்லலையே."

"அது இடது பாக்கெட்டுல இருந்துச்சு. நேரம் இல்லை."

பிட்ச்சில் ரோலர் நின்ற பள்ளம் அங்கிருந்தே தெரிந்தது.

"நீ முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றான் ரஸ்.

"சொல்லியிருக்கலாம்" என்றான் டீன்.

மறுநாள் காலை, தெற்கே கிளம்புவதற்கு முன்னால், லாட்டிமர் டீனை ஹோட்டல் வாசலுக்குக் கூப்பிட்டு, வேலை அவனுக்குத்தான் என்று சொன்னார். எந்தப் பேச்சைக் கேட்டு முடிவு செய்தார் என்று சொல்லவில்லை. பாய்லர் வேலைக்கான சான்றிதழ்கள் எல்லாவற்றின் அசலையும் கொண்டு வரச் சொன்னார்.

அக்டோபர் முதல் வாரம் டீனும் பிப்பாவும் குடி பெயர்ந்தார்கள். ரஸ் சாமான் ஏற்ற உதவினான். வாஷிங் மெஷினை மாடிப்படியில் போட்டு உடைத்தார்கள். மோரீன் வண்டியில் வைத்துச் சாப்பிடச் சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள்.

அடுத்த ஏப்ரலில் பருவத்தின் முதல் ஆட்டத்தில் ரஸ் பாரியின் மைத்துனனோடு ஆட்டத்தைத் தொடங்கினான். நாலாவது பந்தை மிட்-ஆஃப் பக்கம் தட்டிவிட்டு ஓடினான். குரல் கொடுக்கவில்லை. எதிர் முனையில் இருந்தவன் நகரவில்லை. ரஸ் ஹெய்க், ரன் அவுட், பூஜ்யம்.